ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் முதல் பாட்டைப் பதிவு செய்வது எப்படி? குரல் தாமதமாகக் கேட்டால் என்ன செய்வது?

மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். கராஜ்பேண்ட் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், ஆரம்பத்துக்கு அதுவே தாராளம். விண்டோஸ் என்றால் என் சிபாரிசு ரீப்பர்தான். 60 நாள் எல்லா வசதிகளோடும் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். அதன்பின் சொந்த உபயோகத்துக்கான உரிமம் 60 டாலர். ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஆடாசிட்டி பேச்சை வெட்டி ஒட்ட அருமையானது. ஆனால் அதன் 3-ஆம் பதிப்பில் மிடி கீபோர்டு (கம்ப்யூட்டரோடு இணைத்து வாசிக்கும் இசைக் கீபோர்டு) வாசித்துப் பதிவு செய்ய வழியில்லை. பாட்டுக்கு அது பெரிய குறை.

1. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை அதன் தயாரிப்பாளர் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள்.

2. ரீப்பரில் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போங்கள். ஆடியோ சிஸ்டம் என்ற இடத்தில் ஏசியோ (தாமதம் குறைந்த டிரைவர் வகை), அதன் கீழே உங்கள் இன்டர்ஃபேஸ். சாம்பிள் ரேட் (ஒரு செகண்டுக்கு எடுக்கும் ஒலி மாதிரிகள்) 48000, பிளாக் சைஸ் (ஒரே தடவையில் கையாளும் மாதிரிகள்) 128.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஏசியோ அல்லாத பழைய டிரைவர்களில் பாடியது காதுக்கு வர நேரமாகும், தாளமே நழுவிவிடும். 128 சாம்பிள் என்பது 48000-இல் சுமார் 2.7 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை, மேற்கொண்டு இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும் நேரம். எல்லாம் சேர்த்து 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நிம்மதியாகப் பாடலாம். படபடவென்று சத்தம் வந்தால் பிளாக் சைஸை 256 ஆக்குங்கள். பதிவானவற்றைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸிங் செய்யும்போது 1024 வைத்தால் கம்ப்யூட்டர் திணறாது.

குரல் இரண்டிரண்டாகக் கேட்கிறதா? இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் (குரலை நேரடியாக ஹெட்போனுக்கு அனுப்புவது) ரீப்பர் ட்ராக்கின் மானிட்டரும் (குரலைக் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்பது) ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ட்ராக்கில் இருப்பதை அணையுங்கள்.

3. பதிவுக்கு முன்பே புராஜெக்டைச் சேமியுங்கள். தனி ஃபோல்டர் உருவாக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பாட்டின் வேவ் ஃபைல்களும் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடக்கும். ஆல்ட், என்டர் அழுத்தினால் வரும் புராஜெக்ட் அமைப்பில், மீடியா பகுதியில் வேவ், 24 பிட் தேர்ந்தெடுங்கள்.

4. கன்ட்ரோல், டி அழுத்தினால் புது ட்ராக். அந்த ட்ராக்கில் உள்ள சிவப்புப் பட்டனை அழுத்தி, மோனோ இன்புட் 1 தேர்ந்தெடுங்கள். கண்டென்சர் மைக் (இயங்க மின்சாரம் தேவைப்படும் மைக் வகை) என்றால் இன்டர்ஃபேஸில் உள்ள 48 வோல்ட் பட்டனும் போட வேண்டும். பாட்டில் மிக உரத்த வரியைப் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி இன்டர்ஃபேஸின் கெயினை (மைக் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) திருகுங்கள். சுருதிப்பெட்டி ஹெட்போனில் மட்டுமே ஒலிக்கட்டும். மைக்கில் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

5. கன்ட்ரோல், ஆர் பதிவைத் தொடங்கும். முடித்த பாட்டை ஃபைலாக எடுக்க கன்ட்ரோல், ஆல்ட், ஆர்.

பின்சேர்க்கை: யூஎஸ்பி மைக் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தனி ஏசியோ டிரைவர் கிடைக்காது. ஏசியோ4ஆல் என்ற பொது ஏசியோ டிரைவரை நிறுவி, ஹெட்போனை லேப்டாப்பில் செருகாமல் மைக்கிலேயே உள்ள துளையில் செருகுங்கள். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே கருவியாக இருந்தால் தொல்லை குறைவு. ரீப்பர் திறந்திருக்கும்போது யூடியூபில் சத்தம் வராமல் போனால், ரீப்பரின் ஆடியோ அமைப்பில், பாட்டு நின்றிருந்து நீங்கள் வேறு செயலியில் இருக்கும் நேரத்தில் டிவைஸை விட்டுவிடும் தேர்வை டிக் செய்யுங்கள்.