லைப்சிக் அறையில் கறுப்புப் பூஞ்சணம்: போன விதம்

பீரோவுக்குப் பின்னால் சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள். காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். தன்னார்வப் பணிக்கு ஜெர்மனி வந்த ஏற்காட்டுக்காரன் கை, தானாக ஜன்னலைச் சாத்தும். ஊரில் மூடுபனி உள்ளே வந்தால் போர்வைகூட நமுத்துப்போகுமே. இங்கே சாத்தச் சாத்தப் பரவியது. பிளீச் போட்டுத் துடைத்தேன், அதே இடத்தில் மறுபடி. அம்மா போனில் சொன்னபடி கிண்ணத்தில் கல்லுப்பு வைத்தேன். உப்பு நனைந்ததுதான் மிச்சம்.

ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்து நாள் முழுக்க விட்டது இன்னும் மோசம். காற்று சரியாக மாறாது, ஜன்னலை ஒட்டிய சுவர் சில்லிட்டு ஈரம் அங்கேயே படியும்.

பலித்தது இதுதான்: ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முழுசாகத் திறந்து 5 நிமிடம், மூடியதும் ஹீட்டர் மறுபடி. காலை, மாலை, சமைத்த பின், குளித்த பின். 0 டிகிரி காற்று கன மீட்டருக்குச் சுமார் 5 கிராம் நீராவிதான் தாங்கும், 20 டிகிரி காற்று 17 கிராம். உள்ளே வரும் குளிர்காற்று சூடானதும் அறையின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், அடுத்த முறை திறக்கும்போது அது வெளியே போகும். அதனால் வெளியே பனி பெய்தாலும் திறக்கலாம்.

பீரோவைச் சுவரிலிருந்து 10 செ.மீ. நகர்த்தி, அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தியதும் காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானி 72 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கியது. அதன் பிறகு ஸ்பிரிட்டில் துடைத்த சுவர் இன்றுவரை வெள்ளை.