‘ஹார்லெம் நாக்டர்ன்’: சாக்ஸபோனில் நள்ளிரவைக் கொண்டுவருவது எப்படி?

ஏர்ல் ஹேகன் 1939-இல் இந்த ஜாஸ் மெட்டை எழுதியபோது, டியூக் எலிங்டன் ஜாஸ் குழுவின் ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸின் குழைவு அவர் மனதில் இருந்தது. அந்தக் குழைவு வராமல் ஸ்வரங்களை மட்டும் சரியாக வாசித்தால் பயிற்சிப் பாடம்போல்தான் கேட்கும். முதலில் சப்டோன், அதாவது காற்று கலந்த மெத்தென்ற குரல், கைவர வேண்டும்.

கீழ் ஜி-யை முழுக் குரலில் ஊதுங்கள். பிறகு தாடையைச் சற்றே இறக்கிப் பின்னிழுங்கள். கீழுதடு ரீடின் (வாயில் வைக்கும் முனையில் அதிரும் நாணல் தகடு) நுனியை நோக்கி நகர்ந்து, அதன் அதிர்வை மெத்தென்று அடக்கும். கூர்மை போய்க் காற்று கலந்த குரல் வரும். வாயோரங்கள் மட்டும் தளரக் கூடாது. கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வெதுவெதுப்பான, தாராளமான காற்று வேண்டும். மெல்லிய ஒலிதானே என்று காற்றைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஜி பிடிபட்டதும் ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழ் பி ஃபிளாட் வரை இறங்குங்கள்.

ஸ்வரம் திடீரென மேல் ஸ்தாயிக்குத் தாவினால் ரீடைக் கடிக்கிறீர்கள் என்று பொருள். முழுக் குரலிலும் அதே இடத்தில் தாவுகிறதா? அப்படியானால் துளைகளை மூடும் பேடு ஒன்றில் காற்று கசிகிறது. இருட்டில் உள்ளே விளக்கை இறக்கினால் ஒளி எங்கே வெளியேறுகிறது என்று தெரியும். வெறும் ‘உஸ்’ மட்டும் கேட்டால் ரீட் கனம் அதிகம், 2 அல்லது 2.5 எண்ணுள்ள ரீடுக்கு மாறுங்கள். சப்டோனில் சுருதி இறங்குவது இயல்பு. டியூனரைப் பார்த்தபடி காற்றால் தூக்குங்கள், உதட்டால் அல்ல.

அடுத்தது வைப்ராட்டோ, அதாவது ஸ்வரத்தை அலையலையாக அசைப்பது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து நான்கு தட்டு நீளமுள்ள ஸ்வரம் ஊதுங்கள். முதல் இரண்டு தட்டு அசைவே இல்லாமல் நேராக நிற்கட்டும். பிறகு தாடையை மெல்ல அசைத்துத் தட்டுக்கு மூன்று அலை, பழகியபின் நான்கு. தொடக்கத்திலேயே அசைத்தால் ஏக்கம் போய் நடுக்கம்தான் மிஞ்சும். அரை ஸ்வரம் கீழிருந்து வழுக்கி ஏறுவதும் அழகுதான், ஆனால் ஒவ்வொரு வரியிலும் செய்தால் சலித்துவிடும்.

வேகம் 60 முதல் 70. டிரம்ஸில் குச்சிக்குப் பதில் பிரஷ். நீங்கள் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வாசிக்கலாம். டிரம்மர் உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது, காத்திருந்தால் பாட்டே தொய்ந்துவிடும். வரி முடிவில் நாக்கால் வெட்டாமல் காற்றைத் தேயவிட்டு, அடுத்த வரிக்குமுன் வரும் மௌனத்தை முழுதாக விடுங்கள்.

மைக்கை நேராக சாக்ஸபோனின் அகன்ற வாய்க்குள் நீட்டினால் கீழ் ஸ்வரங்கள் குமுறும். 20 முதல் 30 செ.மீ. தள்ளி, சாவிகளின் பக்கம் திருப்பி வையுங்கள். எதிரொலியைக் கடைசியில், அதுவும் கொஞ்சமாகச் சேருங்கள். கூடினால் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மூச்சின் சத்தம் அதில் கரைந்துவிடும்.