குழந்தையின் திரைநேரத்தைக் குறைப்பது எப்படி? வீட்டின் நேரக்கணக்கிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளை மனத்தில் வைத்து இந்தச் செய்முறையை எழுதுகிறேன். பிள்ளை செல்போனைக் கீழே வைக்க மறுக்கிறது என்று வருந்தும் பெற்றோர் அடுத்ததாகக் கேட்பது, பெரும்பாலும் எந்தச் செயலியைப் போட்டால் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பதைத்தான். அதையும் பின்னால் சொல்கிறேன். ஆனால் இந்த வயதுப் பிள்ளை போனைக் கடையில் வாங்கி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் அது ஒரு பெரியவர் கையிலிருந்துதான் பிள்ளையின் கைக்குப் போகிறது. எந்த வேளையில், யார் கையிலிருந்து, எந்த வேலையை முடிப்பதற்காகப் போகிறது என்பது தெரியாதவரை எந்தப் பூட்டும் நிலைக்காது.

அளவு எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரையும் இதை ஒட்டியதே: 2 வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை பெரியவர் உடனிருக்க 1 மணி நேரம், 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அப்பாவுடன் கைக்குழந்தை வீடியோ காலில் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்த்துப் பதற வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையில் அதற்கு விலக்கு அளித்திருக்கிறது.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளை எத்தனை மணி நேரம் பார்த்தது என்பதோடு, போனைக் கொடுத்தவர் யார், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார், யார் எப்படி வாங்கி வைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீட்டில் அந்தப் பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "காலை 8 மணி, அம்மா, இட்லி ஊட்ட. மாலை 4.30, தாத்தா, பள்ளி விட்டு வந்ததும் அழுதான். இரவு 7.30, அம்மா, சப்பாத்தி போட்டு முடிக்கும்வரை. இரவு 9 மணி, அப்பா, தானும் பக்கத்தில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டு."

ஒரு வாரம் முடிந்ததும் பக்கங்களைப் புரட்டினால், பிள்ளை தானாகக் கேட்டு வாங்கிய நேரங்களைவிட, பெரியவருக்கு இரண்டு கையும் வேலையாக இருந்ததால் கொடுத்த நேரங்கள் அதிகம் என்பது பல வீடுகளில் தெரியவரும். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில், துணைக்கு ஆளில்லாமல், அலுவலகத்திலிருந்து திரும்பி ஒரு மணி நேரத்துக்குள் சமையலை முடிக்க வேண்டிய ஒருவருக்குப் போன் ஆயாவின் வேலையைச் செய்கிறது. அந்த வேலைக்கு வேறு ஏற்பாடு செய்யாமல் போனை மட்டும் எடுத்துவிட்டால் மூன்றாம் நாளே அது திரும்பி வந்துவிடும்.

படி 2: பெரியவர்களின் கணக்கையும் எடுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் "டிஜிட்டல் வெல்பீயிங்" என்றும், ஐபோனில் "ஸ்கிரீன் டைம்" என்றும் ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு செயலியிலும் எவ்வளவு நேரம் போனது என்பதை அது காட்டிவிடும். மாலை 6 மணிக்கு மேல் உள்ள கணக்கை மட்டும் பார்த்தாலும் போதுமானது. கணவனும் மனைவியும் ஒருவர் கணக்கை மற்றவர் குத்திக்காட்டப் பயன்படுத்தினால் இந்தப் படி சண்டையில் முடியும் என்பதால், அவரவர் கணக்கை அவரவரே சொல்வது உத்தமம்.

கூடத்தில் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் இதில் சேருங்கள். பின்னணியில் டிவி ஓடும்போது சிறு குழந்தையின் விளையாட்டு அடிக்கடி அறுபடுகிறது, பெற்றோர் குழந்தையிடம் பேசும் பேச்சும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

படி 3: ஒரே ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்ற முயலாதீர்கள். எதில் தொடங்குவது என்று கேட்டால், சோறு ஊட்டும் வேளை என்பேன். ஒரு நாளில் மூன்று முறை வருவது அது. பெரியவர் எப்படியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் அதுதான். பாட்டு ஓடும்போது வாயைத் திறக்கும் குழந்தை பசியையும் கவனிப்பதில்லை, வயிறு நிறைந்ததையும் கவனிப்பதில்லை. ஊட்டுகிறவரும் தட்டு காலியாவதையே அளவாகக் கொள்கிறார். சில மாதங்களில் பாட்டு இல்லாமல் வாயே திறக்காது என்ற நிலை வந்துவிடுகிறது.

மாற்றும் முறை இது. சாப்பாட்டுக்கு முந்திய ஒன்றரை மணி நேரத்துக்குப் பிஸ்கட், பால் எதுவும் கொடுக்காதீர்கள். தரையிலோ மேசையிலோ வீட்டில் யாராவது ஒருவருடன் சேர்த்து உட்கார வைத்து, சிறு தட்டில் கொஞ்சமாகப் பிசைந்த சாதத்தை வைத்து, பிள்ளையின் கையாலேயே எடுக்க விடுங்கள். பாதி சிந்தும், ஒரு பழைய செய்தித்தாளைக் கீழே விரித்துவிட்டால் முடிந்தது. இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு மிச்சமிருந்தாலும் தட்டை எடுத்துவிடுங்கள், துரத்தித் துரத்தி ஊட்ட வேண்டாம். முதல் சில நாள்களில் பிள்ளை வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் சாப்பிடும். நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தை அடுத்த வேளையில் அதை ஈடுகட்டிக்கொள்ளும். எடை குறைவாக உள்ள குழந்தை என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 4: தாத்தா பாட்டியிடம் முன்கூட்டியே பேசுங்கள்

முயற்சி உடையும் இடம் பெரும்பாலும் இதுதான். அம்மா தன் போனை ஒளித்து வைத்தால் தாத்தாவின் போன் கைக்கு வரும். "புள்ள ரெண்டு வாய் சாப்பிட்டா போதும், எதைப் பாத்தா என்ன" என்று பாட்டி சொல்வதில் பிள்ளையின் மேலுள்ள அக்கறைதான் இருக்கிறது. அதை எதிர்த்து வாதாடினால் பயன் இராது. பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள் என்பதால், தடை விதிக்கும் தொனியை விட்டு, எந்த நேரத்தில் அவர்களுக்குக் களைப்பு அதிகம் என்று முதலில் கேளுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் என்று முடிவானால், அதில் பெரும்பகுதியை அந்த நேரத்துக்கே ஒதுக்கிவிடுவது என் யோசனை. பாட்டி பார்க்கும் சீரியலை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை; அந்த அரை மணி நேரம் பிள்ளை வேறு அறையிலோ தெருவிலோ இருந்தால் போதும். மாலை வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடவும் உதவுகிறது.

படி 5: போனில் செய்ய வேண்டியவை

யூடியூப் காணொளியின் மேல் விரலை வைத்தால் மேற்பகுதியில் ஆட்டோபிளே பொத்தான் தெரியும்; அதை அணைத்துவிடுங்கள். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாது என்பதால், நிறுத்துவதற்கு ஓர் இயல்பான இடம் கிடைக்கிறது. யூடியூப் கிட்ஸில் பூட்டுப் படத்தைத் தொட்டு நேரம் குறித்துவிடலாம். பிள்ளைக்கென்று தனிக் கருவி இருந்தால், அதன் நேரத்தைப் பெற்றோர் தம் போனிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் செயலி பயன்படும். அம்மாவின் போனையே பிள்ளையும் பார்க்கும் வீட்டில், யூடியூபுக்கு நேர வரம்பு வைத்தால் அது அம்மாவுக்கும் சேர்த்தே பூட்டிக்கொள்ளும். அங்கே, ஒரு செயலியை விட்டு வெளியே போக முடியாதபடி செய்யும் ஆப் பின்னிங் வசதி (ஐபோனில் கைடட் ஆக்சஸ்) பொருத்தமானது.

பள்ளியின் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வரும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: வீட்டுப்பாடத்தைப் பெரியவரே பார்த்துத் தாளில் எழுதிக் கொடுங்கள். "ஹோம்வொர்க் பார்க்க" என்று வாங்கிய போன் எளிதில் திரும்பி வராது.

படி 6: நிறுத்தும் முறை

பிடுங்காதீர்கள். முடிவதற்குச் சற்று முன்பே பக்கத்தில் உட்கார்ந்து, ஓடுவதை ஓரிரு நிமிடம் சேர்ந்து பார்த்து, "இந்தக் கதை முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுக்கலாம்" என்பதுபோல் அடுத்த வேலையைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அழுகைக்கு இணங்கி ஒரு முறை திருப்பிக் கொடுத்துவிட்டால், மறுநாள் பிள்ளை இன்னும் அதிக நேரம் அழுது பார்க்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக எல்லாப் போன்களும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும், அப்பாவின் போன் உட்பட.

ஒரு வேளை சீரானதும் நோட்டுப் புத்தகத்திலிருந்து அடுத்த வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பார்க்காமை, இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமை போன்றவை தென்பட்டால், போனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்திலோ காட்டுங்கள். செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சிக்கான ஆலோசனையும் அங்கே கிடைக்கும்.