சொல்வதை எழுதுதல்: வகுப்பறையில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொல்வதை எழுதுதல் பயிற்சியைக் கெடுப்பதில் முதலிடம், ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்து வாசிக்கும் பழக்கத்துக்குத்தான். "பறளியாற்றின்... குறுக்கே... மாத்தூர்... தொட்டி... பாலம்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால், நடுவில் வரவேண்டிய 'ப்' பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேராது. அவன் 'தொட்டி பாலம்' என்று எழுதுவான், நாம் சிவப்பு மையால் சுழிப்போம். அந்த ஒற்றெழுத்தை விழுங்கியது நம் வாய் அல்லவா?

முதல் முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும். இரண்டாம் முறை, 'பறளியாற்றின் குறுக்கே', 'மாத்தூர்த் தொட்டிப்பாலம்', 'உயர்ந்து நிற்கிறது' எனப் பொருள் உடையாத துண்டுகளாக வாசியுங்கள். துண்டு முழுவதையும் மனத்தில் நிறுத்திப் பிறகு எழுதும்போதுதான் சந்தியும் வேற்றுமை உருபும் கைக்குப் பழகும். மூன்றாம் முறை, சரிபார்க்க. ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம்.

"பெரிய ற போடு", "மூன்று சுழி ண" என்று எடுத்துக்கொடுப்பது அடுத்த தவறு. குமரி மாவட்டத்தில் ர, ற வேறுபாட்டையும் ழகரத்தையும் பேச்சிலேயே காப்பாற்றி வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்தச் செல்வத்தைப் பயன்படுத்தாமல் விடலாமா? 'அரை, அறை', 'கரி, கறி' என்று திருத்தமாக ஒலித்துக் காட்டினாலே பலர் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் ந, ன விஷயத்தில் காதை நம்பிப் பயனில்லை. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் 'ந' வரும், மற்ற இடங்களில் பெரும்பாலும் 'ன' என்ற விதியைத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் 'மழ', 'தல', 'வாழ' என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று பல நாள் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். ஒருமுறை நோட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் எல்லாப் பிழையும் ஒரே பிழை என்று புரிந்தது. தமிழில் ஐகாரத்தில் முடிகிற இச்சொற்கள் மலையாளத்தில் அகரத்தில் முடிகின்றன. பிள்ளை தன் தாய்மொழியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறது! பிழைகளை எண்ணாதீர்கள், இனம் பிரியுங்கள். 'மழை, தலை, வாழை, மலை' என்று ஒரே நாளில் சேர்த்துப் பழக்கினால் அந்தப் பிழைக் கூட்டம் முழுவதும் கலையத் தொடங்கும். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதால் கைதான் வலிக்கும்.

எப்போதும் ஆசிரியரே வாசிப்பதையும் விட்டுவிடலாம். முட்டத்துப் பள்ளி என்றால் வள்ளத்தையும் வலையையும் பற்றி, தோவாளை என்றால் பூச்சந்தையைப் பற்றி, ஒரு பிள்ளை நான்கு வரி எழுதி வந்து மற்றவர்களுக்கு வாசிக்கட்டும். "வலையா, வளையா? சரியாகக் கேட்கவில்லை" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். வாசிக்கிற பிள்ளை நாக்கை ஒருமுறை மடித்துப் பார்த்துக்கொண்டு, அந்த வரியை மறுபடியும் வாசிக்கும்.