‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்று கணினி நின்றுவிட்டால்

மன்னார்குடியில் உரக்கடை நடத்தும் என் சித்தப்பாவின் விண்டோஸ் 7 கணினி, குறுவைக்கு யூரியா வாங்க ஆட்கள் வந்து நின்ற காலையில், கறுப்புத் திரையில் ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ (விண்டோஸைத் துவக்கும் பூட்எம்ஜிஆர் கோப்பைக் காணவில்லை) என்ற ஒற்றை வரியைக் காட்டிவிட்டு நின்றுபோனது. விவசாயிகளின் கடன் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. முந்தைய இரவு அதன் பார்ட்டிஷன்களில், அதாவது வட்டைப் பிரித்த பகுதிகளில், கை வைத்தவன் நான்.

பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளால் துவங்கும் பழைய கணினிகளில், வட்டின் முதல் 512 பைட்டுகளில் துவக்க நிரலும், அதையடுத்து நான்கு பார்ட்டிஷன்களுக்கான 64 பைட்டு அட்டவணையும் இருக்கும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உரிய 16 பைட்டுகளில் முதலாவது, பதினறும எண்ணில் 80 என்றிருந்தால் அதுவே ஆக்டிவ். துவக்க நிரல், விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தேடாமல், ஆக்டிவ் என்று குறித்த பார்ட்டிஷனுக்கே போகும்.

விண்டோஸ் 7 நிறுவல் டிவிடியிலிருந்து கணினியைத் துவக்கி, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் (பார்ட்டிஷன்களைக் கையாளும் கருவி), லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, லிஸ்ட் பார்ட்டிஷன் ஆகியவற்றை வரிசையாக இடுங்கள்.

நான் தவறியது இதற்கடுத்த படியில்தான். விண்டோஸ் இருப்பது பெரிய பார்ட்டிஷனில்தானே என்று எண்ணி அதை ஆக்டிவ் ஆக்கியிருந்தேன். ஆனால் பூட்எம்ஜிஆர் கோப்பு இருந்ததோ, விண்டோஸ் நிறுவப்பட்டபோது தானாக உருவான 100 எம்பி ‘சிஸ்டம் ரிசர்வ்ட்’ பார்ட்டிஷனில். பட்டியலில் 100 எம்பி என்றிருந்த முதல் வரியைக் கண்டதும், செலக்ட் பார்ட்டிஷன் 1, பிறகு ஆக்டிவ் என்று இட்டு மறுபடி துவக்கினேன். கணக்குப் புத்தகம் திறந்தது.

அதன் பிறகும் அதே செய்தி வந்தால், பிசிடிபூட் கட்டளையால் துவக்கக் கோப்புகளை அந்தச் சிறிய பார்ட்டிஷனில் மீண்டும் எழுதலாம். டிவிடியிலிருந்து துவக்கும்போது டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், விண்டோஸ் கோப்புறை எந்த எழுத்தில் இருக்கிறது என்பதை டிர் கட்டளையால் பார்த்த பிறகே அதை இடுங்கள். பலரும் முதலில் பரிந்துரைக்கும் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையை நான் கடைசிக்கே ஒதுக்குவேன். அது துவக்க நிரலை மட்டுமே மாற்றி எழுதுமே தவிர ஆக்டிவ் குறியைத் திருத்தாது, லினக்ஸும் நிறுவியிருந்தால் வட்டின் தொடக்கத்திலுள்ள, லினக்ஸைத் துவக்கும் கிரப் நிரலையும் அழித்துவிடும்.

பின்சேர்க்கை: தஞ்சாவூரிலிருந்து ஒருவர், தம் புதிய மடிக்கணினியில் ஆக்டிவ் கட்டளை ஏற்கப்படவில்லை என்று எழுதியிருந்தார். லிஸ்ட் டிஸ்க் பட்டியலில் ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) என்ற நெடுவரிசையில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வட்டுக்கு ஆக்டிவ் என்ற குறியே கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது துவக்கக் கோப்புகளை வைத்திருக்கும், ஃபேட்32 வடிவிலுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை.