கார் ஸ்பீக்கர் அடிக்கடி கிழியுதா? உப்புக்காத்து ஊர்க்காரங்களுக்கு ஒரு செய்முறை

மூணு வருஷத்துல ரெண்டு ஜோடி டோர் ஸ்பீக்கர் காலி எனக்கு. ரெண்டாவது ஜோடி பாம்பன் பாலத்து மேலேயே போச்சு, கண்ணாடிய இறக்கிவிட்டா அங்க அடிக்கிற காத்துல பாட்டு கேக்காது, கேக்கலன்னு ஏத்துனேன், கரகரன்னுச்சு, கொஞ்ச நேரத்துல கருகுன வாசம். கடைல "இன்னும் பெரிய வாட்ஸ் போடுங்க தம்பி"ன்னாங்க. ஆனா கோளாறு ஸ்பீக்கர்ல இல்ல, ஆம்ப் (ஸ்டீரியோ சவுண்ட பெருசாக்குற ஆம்ப்ளிஃபையர்) எர்த்துல, அதாவது அதோட கருப்பு வயர் கார் பாடில சேர்ற இடத்துல.

ஆம்ப்பால முடிஞ்சதுக்கு மேல கேட்டோம்னா சவுண்டு அலையோட தலையும் அடியும் வெட்டுப்பட்டு சப்பையா வரும், இதான் கிளிப்பிங். அலை முழுசா சதுரமாயிட்டா அதே உயரத்துக்கு ரெண்டு மடங்கு பவர், ஸ்பீக்கர் உள்ள இருக்குற கம்பிச்சுருள், அதான் காயில், தாங்காம எரியுது. மண்டபம், தொண்டி, கீழக்கரைன்னு நம்ம பக்கம் உப்பு வயர் முனைல களிம்பு பிடிக்க வைக்கும், வோல்ட் இறங்கும், குறைஞ்ச வால்யூம்லயே கிளிப் ஆயிரும்.

முதல் வேலை எர்த். பேட்டரி நெகட்டிவ்வ கழட்டிட்டு, ஆம்ப்போட கருப்பு வயர் பாடில சேர்ற போல்ட்டை எடுத்து, அடில பெயிண்ட் போயி தகரம் பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் உப்புத்தாள் போடுங்க. இறுக்கி முறுக்கிட்டு மேல வாசலின் தடவுங்க, காத்து உள்ள போகாது. பச்சை பூத்த வயர் முனைய தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க, வெட்டிட்டு புது முனை வச்சு நசுக்கி கிரிம்ப் பண்ணுங்க.

அடுத்து பேட்டரிய திரும்ப மாட்டி, இன்ஜின் ஓட, பாட்டு சத்தமா ஓட, மல்டிமீட்டர்ல பேட்டரி முனைலயும் ஆம்ப் முனைலயும் டிசி வோல்ட் பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம்னா இன்னும் எங்கயோ லூசு இருக்கு.

இப்ப ஆம்ப்ல இருக்குற கெயின் திருகு. பல பேர் இதை ரெண்டாவது வால்யூம்னு நினைச்சு ஃபுல்லா திருப்பி வச்சிருப்பாங்க, ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்புக்கும் அளவு பொருத்துறதுக்குத்தான் அது. அட்டைல பெருசா போட்டிருக்குற பீக் வாட்ஸ மறந்துருங்க, ஆர்எம்எஸ் (தொடர்ந்து ஓடுற பவர்) மட்டும் பாருங்க, ஆம்ப், ஸ்பீக்கர் ரெண்டுல எது கம்மியோ அதை எடுத்துக்கங்க. 50 வாட்ஸ், 4 ஓம்னா பெருக்கினா 200, அதோட வர்க்கமூலம் 14.1, அதான் நமக்கு வேண்டிய வோல்ட். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஃபில்டர் எல்லாம் ஆஃப், கெயின் அடில, ஸ்பீக்கர் வயர கழட்டிருங்க. ஸ்டீரியோ வால்யூம் முக்கால்வாசி. 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் (ஒரே சீரா ஒலிக்கிற சத்தம்) போட்டு, மீட்டர ஏசி வோல்ட்ல, ஆம்ப்போட ஸ்பீக்கர் முனைல வச்சு, கெயின 14.1 வர்ற வரைக்கும் மெதுவா ஏத்துங்க. ஏன் 50 ஹெர்ட்ஸ்னா, சாதா மீட்டர் வீட்டு கரண்டு அளக்க செஞ்சது, அதுக்கு மேல ரொம்ப போனா பொய் சொல்லும்.

டோனை நிறுத்திட்டு ஸ்பீக்கர மாட்டி, ஹை பாஸ் ஃபில்டர (ஆழமான சத்தத்தை வெட்டுறது) 80 ஹெர்ட்ஸ்ல வைங்க. ஆறு இன்ச் கோன் (ஸ்பீக்கர் முன்னாடி ஆடுற கூம்பு) ஆழமான பேஸ்க்கு குதிச்சே கிழியும், அது பேஸ்க்குன்னே இருக்குற பெரிய ஸ்பீக்கர், சப்வூஃபரோட வேலை. பேஸ் பூஸ்ட் ஆஃப்லயே கிடக்கட்டும், 3 டெசிபல் கூட்டுனாலே அந்த இடத்துல ரெண்டு மடங்கு பவர்.

பழைய ஸ்பீக்கர் உயிரோட இருக்கான்னு பாக்க வயர கழட்டி ஓம் அளங்க. 4 ஓம் ஸ்பீக்கர் மூணு, மூணரைன்னு காட்டுனா சரி, ஒண்ணுமே காட்டலன்னா காயில் அறுந்துருச்சு. கோனை ரெண்டு பக்கமும் விரல் வச்சு லேசா அமுக்குங்க, உரசுற சத்தம் வந்தா காயில் வீங்கியிருக்கும், இல்ல தனுஷ்கோடி மணல் உள்ள போயிருக்கும்.