கருத்தரிக்கும் நாட்களைக் காலண்டரில் கணிப்பது எப்படி?

செவிலியரான நான், குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களிடம் முதலில் கேட்பது மாதக் காலண்டரைத்தான். உதிரப்போக்கு தொடங்கிய நாளே முதல் நாள்; நின்ற நாளிலிருந்து எண்ணாதீர்கள். ஆறு மாதமாவது குறித்து வாருங்கள். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததற்கு முந்தைய நாள் வரை ஒரு சுழற்சி. மிகக் குறுகிய சுழற்சியின் நாட்களில் 18-ஐயும், மிக நீண்டதில் 11-ஐயும் கழியுங்கள். அவை 26, 31 நாட்கள் என்றால், 8 முதல் 20-ஆம் நாள் வரை வாய்ப்புண்டு.

எல்லோருக்கும் 14-ஆம் நாளில்தான் கருமுட்டை வெளியாகும் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்கள் முன்பு என்பதே சரி. 35 நாள் சுழற்சியில் அது 21-ஆம் நாளையொட்டி வரும். கருமுட்டை ஒரு நாள்தான் தாங்கும். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே முந்தைய நாட்களைத் தவறவிடாதீர்கள். அப்போது வெள்ளைப்படுதல் வழுவழுப்பாக நீளும். கருத்தடைக்கு இக்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்.